குடிநீருக்கு அலையும் அமெரிக்க நிலக்கரிச் சீமை

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில், அப்பலாச்சியன் மலைகளின் குறுகிய பள்ளத்தாக்குகளில் அமைந்துள்ளது மெக்டவல் கவுண்டி. கவுண்டி என்பது இந்திய மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பகுதியாகும். இதன் தலைமையிடம் வெல்ச் நகரம்.

நிலக்கரி உற்பத்தியில் முன்னணியில் இருந்த இப்பகுதியில், 1950-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி 98,887 பேர் வசித்தனர். சுரங்கப் பணிகளை இயந்திரங்கள் மேற்கொள்ளத் தொடங்கியதாலும், பின்னர் சுரங்கங்கள் மூடப்பட்டதாலும் மக்கள் வெளியேறினர். 2020-இல் மக்கள்தொகை 19,111 ஆகச் சரிந்தது.

1960 தேர்தல் பிரசாரத்தின்போது இங்கு நிலவிய வறுமையை நேரில் கண்ட ஜான் எஃப். கென்னடி, அதிபரானதும் உணவுக் கூப்பன் திட்டத்தைச் சோதனை முறையில் தொடங்கினார். அதன் முதல் கூப்பன்கள் 1961 மே மாதம் இக்கவுண்டியைச் சேர்ந்த குடும்பத்துக்கே வழங்கப்பட்டன.

தற்போதைய முக்கியப் பிரச்சினை குடிநீர். தொழிலாளர் குடியிருப்புகளுக்காகச் சுரங்க நிறுவனங்கள் பதித்த குழாய்கள் பல இடங்களில் பழுதடைந்துள்ளன. கட்டணம் செலுத்தும் குடும்பங்கள் குறைந்துவிட்டதால், அவற்றைப் புதுப்பிப்பதற்கான நிதியைத் திரட்டுவது கடினமாகியுள்ளது. சாலையோர ஊற்றுகளிலும், கைவிடப்பட்ட சுரங்கங்களிலிருந்து வழியும் நீரிலும் பலர் குடங்களை நிரப்பிச் செல்கின்றனர். மற்றவர்கள் புட்டி நீரை விலைக்கு வாங்குகின்றனர். 2025 பிப்ரவரி வெள்ளம் இந்த நெருக்கடியை மேலும் தீவிரமாக்கியது.

கிம்பால் பகுதியில் இயங்கிய வால்மார்ட் அங்காடி 2016-இல் மூடப்பட்டதால், காய்கறிகள், பழங்கள் வாங்கவும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியுள்ளது. அமெரிக்காவில் சராசரி ஆயுட்காலம் மிகக் குறைவாக உள்ள கவுண்டிகளில் மெக்டவலும் ஒன்றாகும்.

மலைப்பாதைகளில் வாகனம் ஓட்டிச் செல்லும் ஹாட்ஃபீல்டு-மெக்காய் தடங்களுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள், நிலக்கரிக்கு அப்பால் இங்கு கிடைத்துள்ள புதிய வருவாய் வழியாக உள்ளனர்.