முதலாளி வாய் திறந்த கதை

1882 அக்டோபர். நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் அதிபர் வில்லியம் ஹென்றி வாண்டர்பில்ட் தன் சொந்த ரயில் பெட்டியில் சிகாகோவை நெருங்கிக்கொண்டிருந்தார். நிருபர்கள் அவரை மடக்கிப் பிடித்தார்கள். நஷ்டத்தில் ஓடும் ஒரு விரைவு ரயிலைப் பற்றிப் பேச்சு வந்தது. அதை மக்களுக்காகத்தானே ஓட்டுகிறீர்கள் என்று கேட்டபோது, ‘மக்கள் நாசமாய்ப் போகட்டும்’ என்றாராம். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று பிறகு மறுத்தார். மறுப்பு எடுபடவில்லை. சொல்லக்கூடிய ஆள்தான் என்று நாடே நம்பியது.

அந்தக் காலத்து அமெரிக்க முதலாளிகளுக்குப் பத்திரிகை என்பது வாசலில் நிறுத்த வேண்டிய பண்டம். கணக்கு, கூலி, விபத்து எதுவும் வெளியே போகக்கூடாது. மௌனமே பெரிய மனிதருக்கு அழகு என்று இருந்தார்கள்.

அந்த அழகு எவ்வளவு செலவு வைக்கும் என்பதை 1902-ல் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தம் காட்டியது. தொழிற்சங்கத் தலைவர் ஜான் மிட்செல் நிருபர்களோடு இயல்பாகப் பேசினார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். முதலாளிகள் தரப்பில் நின்ற ஜார்ஜ் பேயர் வாயே திறக்கவில்லை. அவர் எழுதிய கடிதம் ஒன்று மட்டும் வெளியே கசிந்தது. தொழிலாளரின் நலனைக் காக்கும் பொறுப்பைச் சொத்துடைய கிறிஸ்தவப் பெருமக்களிடம் ஆண்டவனே ஒப்படைத்திருக்கிறான் என்பது அதன் சாரம். ஊர் சிரித்தது. ஐந்து மாதம் கழித்து ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட்ட பிறகே சுரங்கங்கள் மீண்டும் இயங்கின.

1906-ல் அடுத்த வேலைநிறுத்தம் வரும் போலிருந்தது. இந்த முறை பேயரும் கூட்டாளிகளும் ஒரு இளைஞரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். பெயர் ஐவி லீ. ஜார்ஜியா மாநிலத்துப் பாதிரியாரின் மகன், பிரின்ஸ்டனில் படித்தவர், நியூயார்க் நாளிதழ்களில் நிருபராக அலைந்தவர். வாசலில் நிறுத்தப்பட்டவனின் எரிச்சல் அவருக்குத் தெரியும்.

லீ பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு அறிக்கை அனுப்பினார். எங்கள் வேலை ஒளிவுமறைவில்லாதது. யாருக்காகப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுவோம். தருகிற விவரம் சரியாக இருக்கும். சரிபார்க்க விரும்பினால் உதவுவோம். சுருக்கமாக இவ்வளவுதான். இன்று சினிமா டைட்டிலில்கூட ‘மக்கள் தொடர்பு’ என்று ஓடுகிறதே, அந்தத் தொழில் எழுதி வைத்த முதல் வாக்குறுதிகளில் இது ஒன்று.

அதே ஆண்டு அக்டோபர் 28-ல் அதற்குச் சோதனை வந்தது. அட்லாண்டிக் சிட்டி அருகே பாலத்திலிருந்து ரயில் தண்ணீரில் விழுந்து 53 பேர் இறந்தார்கள். பென்சில்வேனியா ரயில்வேக்குச் சொந்தமான பாதை அது. விபத்து நடந்தால் மூடி மறைப்பதுதான் ரயில்வேக்களின் வழக்கம். அந்த ரயில்வேக்கும் வேலை செய்த லீ அதைத் தலைகீழாக்கினார். நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே வரவழைத்தார். தெரிந்த விவரங்களை எழுதிக் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் அதை ஒரு சொல் மாற்றாமல் அச்சிட்டது. உலகின் முதல் செய்திக் குறிப்பு என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் லீ மகானாகியிருப்பார். 1914 ஏப்ரல் 20 வந்தது. கொலராடோவின் லட்லோவில், வேலைநிறுத்தம் செய்து கூடாரங்களில் தங்கியிருந்த சுரங்கத் தொழிலாளர்கள்மீது மாநிலக் காவல் படை சுட்டது. கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய குழிக்குள் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத் திணறி மாண்டார்கள். சுரங்கக் கம்பெனி ராக்ஃபெல்லர் குடும்பத்தின் பிடியில் இருந்தது. குடும்ப வாரிசான ராக்ஃபெல்லர் ஜூனியரோ பத்து ஆண்டுகளாக அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

அவர் லீயை அழைத்தார். லீ துண்டு அறிக்கைகளாக எழுதித் தள்ளினார். முதலாளிகள் சொன்னதை அப்படியே வாங்கி அச்சேற்றினார். சங்கத் தலைவர்கள் ஓராண்டில் பெற்ற சம்பளம் ஒன்பது வாரத்தில் பெற்றதாக அச்சாயிற்று. அரசு அமைத்த விசாரணைக் குழுவின் முன், தான் எதையும் சரிபார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. எட்டு ஆண்டுக்கு முன் தந்த வாக்கு அங்கே உடைந்தது. எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அவருக்கு, தொட்டால் அரிக்கும் ஒரு கொடியின் பெயரான ‘விஷ ஐவி’ என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

அறிக்கைகளால் ஆகாததை ஒரு பயணம் ஓரளவு செய்தது. 1915 செப்டம்பரில் ராக்ஃபெல்லர் ஜூனியர் நேரில் கொலராடோ போனார். பின்னாளில் கனடாவின் பிரதமரான மெக்கன்சி கிங் உடன் இருந்தார். ராக்ஃபெல்லர் சுரங்கத்துக்குள் இறங்கினார், தொழிலாளர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், வீடு வீடாகப் போய்க் குறை கேட்டார், ஒரு விருந்தில் அவர்களின் மனைவியரோடு நடனமும் ஆடினார். நிருபர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத்தோடு பேச ஒரு ஏற்பாடும் வந்தது. இறந்தவர்கள் திரும்பவில்லை, சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைக்க 1933 வரை ஆயிற்று. ஆனாலும் முகம் தெரியாத பணக்காரருக்கு அன்று ஒரு முகம் கிடைத்தது.

இன்று கம்பெனித் தலைவர்கள் மேடையேறுவதும், கட்டுரை எழுதுவதும், லிங்க்ட்இன்னில் தினம் ஒரு பாடம் சொல்வதும் முதலாளி நேரில் வந்து பேசும் இந்தப் பழக்கத்தின் பேரப்பிள்ளைகள்தான். ‘சிந்தனைத் தலைவர்’ என்ற பட்டம் வணிக உலகில் பரவியது 1990-களில். பழக்கத்துக்கோ நூறு வயது தாண்டிவிட்டது. அது தற்பெருமையில் பிறக்கவில்லை. மௌனம் சாதித்தவர்கள் பட்ட அடியில் பிறந்தது.

லீ 1934-ல் இறந்தார். ஹிட்லரின் ஜெர்மனியில் இயங்கிய ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனிக்கு ஆலோசனை சொன்னதற்காக அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரைக் கேள்வி கேட்டதும் அதே ஆண்டில்தான். அட்லாண்டிக் சிட்டியில் அவர் கதவைத் திறந்து காட்டினார். லட்லோவில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். இரண்டுக்கும் ஒரே பேனாதான். இன்று மேடையேறும் நிர்வாகி தன் பேச்சை எழுதத் தொடங்குமுன் தன் தொழிற்சாலையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வரட்டும்.