தரிசு, கொழுஞ்சி, 2சி பட்டா

ஊருக்குள்ள சும்மா கிடக்கிற நிலத்தில் பத்துப் பேர் சேர்ந்து காய்கறி போடலாமே என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பும். ஏதோ புது யோசனை மாதிரி பேசுவோம். ஆனால் இது எண்பது வருஷம் தாண்டிய பழைய கதை.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி வரத்து நின்றது. அந்த அரிசியை நம்பியிருந்த சென்னை மாகாணத்துக்கு அது பெரிய அடி. 'உணவு உற்பத்தியைப் பெருக்கு' என்ற இயக்கம் அப்போது வந்ததுதான். லண்டனில் அதற்கு முன்பே, 1939ல் போர் தொடங்கியதும், பூங்காக்களைக் கொத்த ஆரம்பித்துவிட்டார்கள். லண்டன் கோபுரத்தின் வறண்ட அகழியில்கூட காய்கறிப் பாத்தி போட்டார்கள். ஜப்பானியர் பிடித்த சிங்கப்பூரில் வீட்டுக் கொல்லை, பள்ளிக்கூட மைதானம் எங்கும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகும் பஞ்சம் தீரவில்லை. கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி, டில்லி மாளிகை வளாகத்தில் ஒரு பகுதியை உழுது கோதுமை விதைக்கச் செய்தார். தானே ஏரும் பிடித்தார்.

இதெல்லாம் பிறகு என்ன ஆச்சு? போர் முடிந்ததும் லண்டன் பூங்காக்கள் மறுபடி புல்வெளி ஆகின. பாடுபட்டவர்கள் சோம்பேறிகள் ஆகிவிடவில்லை. நிலம் அவர்களுடையது இல்லை, அவ்வளவுதான்.

கியூபாவைப் பாருங்க. 1991ல் சோவியத் யூனியன் உடைந்ததும் அங்கே எண்ணெய், உரம் எல்லாம் தட்டுப்பாடு. ஹவானாவின் காலிமனைகளில் மக்கள் காய்கறி போட்டார்கள். அரசு அவர்களுக்கு நிலத்தைச் சொந்தமாக்கவில்லை. விளைச்சலை அனுபவிக்கும் உரிமையை மட்டும் கொடுத்தது. நெருக்கடி தணிந்த பிறகும் அந்தத் தோட்டங்கள் பல நிலைத்தன.

உரிமை ஏன் முக்கியம்? மண்ணுக்கு நாள் பிடிக்கும். நம்ம புதுக்கோட்டை மாவட்டத்திலேயே, கீரனூர் பக்கம் ஒடுகம்பட்டியில், 'குடும்பம்' அமைப்பின் கொழுஞ்சிப் பண்ணை இருக்கிறது. நம்மாழ்வார் பாடுபட்ட இடம். வறண்ட தரிசாகக் கிடந்த நிலம் அது. கொழுஞ்சி என்பது கவனிப்பாரில்லாத நிலத்தில் தானே முளைக்கும் செடி. வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துவைக்கும். பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் மண்ணுக்கு உரம். ஆனால் ஒரே போகத்தில் தரிசு தோட்டமாகிவிடாது. அடுத்த வருஷம் நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவன் எதுக்குக் கொழுஞ்சி விதைக்கணும்?

நம்மிடம் அதற்கு ஒரு பழைய வழி இருக்கு. வருவாய்த்துறையின் 2சி பட்டா. புறம்போக்கில் நிற்கும் புளி, தென்னை போன்ற மரங்களின் பலனை அனுபவிக்க ஒருவருக்குத் தரும் அனுமதி. நிலம் அரசுடையதாகவே இருக்கும். கியூபாக்காரர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதுதானே! மரத்துக்குச் செய்கிற ஏற்பாட்டை, நகராட்சியின் காலிமனையில் ஒரு தெருவே சேர்ந்து போடும் கத்தரிக்கும் கீரைக்கும் யோசிக்கலாம்.

தோட்டம் போடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விதை தேடுகிறார்கள். முதலில் தேட வேண்டியது, நாலைந்து வருஷத்துக்காவது செல்லுபடியாகும் ஒரு காகிதம்.