விலைப்பட்டியலுக்கு முகம் வரைந்தவர்: ஓவியர் ஆஷ்லி பிரையன் (1923–2022)

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலரில், கடல் கடந்த நாடொன்றில் குழந்தைகளுக்காக நூல் எழுதிப் படமும் வரைந்து வாழ்ந்த ஒருவரைப் பற்றி எழுதப் புகுவது ஏன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் அந்நாட்டுக் கறுப்பின மக்களின் வரலாறு நமக்கு அயலானதன்று. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873-இல் தாம் வெளியிட்ட ‘குலாம்கிரி’ என்னும் நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். அதே நகரில் பிறந்து, பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்றவரே நாம் ஈண்டு எழுத எடுத்துக்கொண்ட ஆஷ்லி பிரையன்.

நூறு அகவையை நெருங்கிய அவரது வாழ்வில் நாம் ஆராய விரும்புவது ஒன்றே. ஏழை வீட்டுக் குழந்தை ஒன்றின் கைத்திறன் எவ்வெவ் வாயில்களில் தடுக்கப்பட்டது, எவ்வெவ் வாயில்களால் உட்புகுந்தது, புகுந்தபின் தன் மக்களுக்கு என் செய்தது என்பதே அது.

ஐந்து வயதில் ஒரு பதிப்பாளர்

பிரையன் 1923 ஜூலை 13-ஆம் நாள் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் பிறந்தார். பிராங்ஸ் பகுதியில் வளர்ந்தார். பெற்றோர் கரிபியக் கடலின் ஆன்டிகுவா தீவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தந்தை வாழ்த்து அட்டைகள் அச்சிடும் தொழிலாளி. செல்வம் இல்லாத இல்லமாயினும் பாட்டும் பறவைகளும் நிறைந்த இல்லமாக அது இருந்தது.

மழலையர் வகுப்பில் ஆசிரியை ஒருவர் ஒவ்வோர் எழுத்தாகக் கற்பித்து, அதற்குரிய படத்தையும் குழந்தைகளையே வரையச் செய்தார். இறுதி எழுத்து முடிந்ததும் தாள்களைச் சேர்த்துத் தைக்கச் சொன்னார். அஃதோர் அரிச்சுவடி நூலாயிற்று. எழுதியவரும் வரைந்தவரும் கட்டியவரும் பதிப்பித்தவரும் நீங்களே. வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள், விநியோகிப்பவரும் நீங்களே என்ற பொருள்பட அவ்வம்மையார் கூறினாராம். வீட்டில் கிடைத்த பாராட்டைக் கண்ட சிறுவன் அன்றே நூல் செய்பவனாகிவிட்டான். பின்னாளில் எத்தனை பரிசுகள் பெற்றபோதும் பிரையன் தம் முதல் நூலாகச் சொல்லி மகிழ்ந்தது அந்த அரிச்சுவடியைத்தான்.

1930-களில் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி தாக்கியது. வேலையிழந்த ஓவியர்க்கும் இசைவாணர்க்கும் அரசே ஊதியம் தந்து, ஏழையர் வாழும் பகுதிகளில் கட்டணமின்றிக் கலை கற்பிக்கச் செய்தது. பிரையன் வீட்டுக் குழந்தைகள் அவ்வகுப்புகளிலே கற்றனர். இதனை நாம் மறவாது குறித்துக்கொள்ள வேண்டும்.

முகம் காணாத தேர்வு

உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்கள் அவரது ஓவியங்களைத் தேர்ந்து ஒரு தொகுப்பாக்கி, கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் செய்தனர். நேர்காணலில் அதிகாரி ஒருவர் அத்தொகுப்பைப் பார்த்தார். தாம் கண்டவற்றுள் மிகச் சிறந்தது என்று ஒப்புக்கொண்டார். ஆயினும் நிறத்தவர் ஒருவருக்கு உதவித்தொகை அளிப்பது வீண் என்று கூறி அனுப்பிவிட்டார். திறமை இல்லை என்று தள்ளியிருந்தால் அது வேறு. திறமை உண்டு என்று வாயாலே சொல்லித் தள்ளியதுதான் இங்கே நாம் நின்று நோக்க வேண்டிய இடம்.

சிறுவன் சோர்ந்தான்; ஆசிரியர்கள் சோரவில்லை. கூப்பர் யூனியன் என்னும் நிறுவனத்தின் தேர்வை எழுதுமாறு அவர்கள் வழிகாட்டினர். 1859-இல் நிறுவப்பட்ட அக்கல்லூரியில் அக்காலத்தில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. தேர்வு முறையும் புதுமையானது. தரப்பட்ட வரைதல், சிற்பம், கட்டடக்கலைப் பணிகளை முடித்துத் தட்டில் வைத்துவிட்டு மாணவர் வெளியேறிவிட வேண்டும். வேலையைப் பார்த்து மதிப்பிடுவார்களேயன்றி ஆளைப் பார்ப்பதில்லை. பிரையன் தேர்ந்தார்.

அதே கை, அதே கோடு. முன்னர் வீண் எனப்பட்டது இப்போது தகுதி எனப்பட்டது. இடையில் மாறியது ஒன்றே: தேர்ந்தெடுப்போர் கண்ணுக்கு அவர் முகம் தெரியவில்லை.

எனினும், முகம் காணாத தேர்வு ஒன்றே போதும் என்று முடிவு செய்வோமாயின் நாம் பாதிதான் கண்டவராவோம். அத்தேர்வு அறைக்குள் அவர் நுழையுமுன்னர் அரிச்சுவடி தைப்பித்த ஆசிரியை இருந்தார். கட்டணமில்லா ஓவிய வகுப்பு இருந்தது. முதல் வாயில் அடைபட்டதும் இரண்டாம் வாயிலைக் காட்டிய ஆசிரியர்கள் இருந்தனர். உள்ளே நுழைந்தபின் கட்டணமில்லாக் கல்வி இருந்தது. இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தக் கை துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ சுமை தூக்கியே ஓய்ந்திருக்கும். தகுதி, தகுதி என்று முழங்குவோர், தகுதி விளையும் நிலத்துக்கு நீர் பாய்ச்சியவர் யாவர் என்பதையும் கேட்டறிதல் நன்று.

போர்க்களத்தில் சுமையும் தூரிகையும்

கல்லூரிப் படிப்பின் நடுவே, 1943-இல், 19 வயதில், அவர் படைக்கு அழைக்கப்பட்டார். அமெரிக்கப் படையில் அன்று கறுப்பு வீரர்க்குத் தனிப் பிரிவுகளே இருந்தன. அப்பிரிவினையை ஒழிக்கும் ஆணை பிறந்தது 1948-இல்தான். உரிமைக்காகப் போரிடுகிறோம் என்று உலகுக்கு அறிவித்த நாடு, தன் பாசறைக்குள்ளேயே சேரி வகுத்திருந்தது. பிரையன் துறைமுகச் சுமை ஏற்றி இறக்கும் 502-ஆம் பட்டாளத்தில் சேர்க்கப்பட்டார். 1944 ஜூனில் நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் அவர் பணிபுரிந்தார். பிணங்களும் வெடிகளும் கிடந்த அக்கரையில், நச்சுவாயு முகமூடிக்குள் தாளும் கோலும் மறைத்து வைத்து, ஓய்ந்த நேரமெல்லாம் உடனிருந்த வீரர்களை வரைந்தார். அந்த ஓவியங்களைப் பல்லாண்டுகள் வெளியிடாதிருந்து, 2019-இல்தான் போர்க்கால நினைவு நூலாக உலகுக்கு அளித்தார்.

போர் முடிந்து கூப்பர் யூனியனில் படிப்பை நிறைவு செய்தபின், மனிதர் ஏன் போரைத் தேர்கின்றனர் என்னும் வினா அவரை விடவில்லை. அதற்கு விடை தேடியே கொலம்பியாவில் தத்துவம் பயின்றார். பின்னர் பிரான்சிலும் ஜெர்மனியிலும் கல்வி தொடர்ந்தது.

வெள்ளை முகங்களின் உலகம்

பிரையன் படநூல் உலகில் நுழைந்த காலத்தின் நிலையை ஒரு கணக்கு காட்டும். நான்சி லாரிக் என்னும் கல்வியாளர் 1965-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1962 முதல் 1964 வரையில் அமெரிக்காவில் வெளியான 5,206 குழந்தை நூல்களை ஆராய்ந்ததில், எழுத்திலோ படத்திலோ ஒரு கறுப்பின மனிதரேனும் இடம்பெற்றவை நூற்றுக்கு 6.7 மட்டுமே. படங்களில் வருவோர் எப்போதும் வெள்ளைக் குழந்தைகளாகவே இருப்பது ஏன் என்று ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வியே அவ்வாய்வுக் கட்டுரையின் தொடக்கம்.

அத்தீனியம் பதிப்பகத்தின் ஆசிரியர் ஜீன் கார்ல் அம்மையார், பிரையனின் பிராங்ஸ் ஓவியக்கூடத்துக்கே நேரில் சென்று அவர் பணியைக் கண்டு ஆதரித்தார். 1967-இல் வெளிவந்த முதல் நூல் நம் நாட்டோடு தொடர்புடையது என்பது மகிழ்ச்சிக்குரியது: இரவீந்திரநாத் தாகூரின் கவிதைகளைக் குழந்தைகளுக்காகத் தொகுத்த நூலுக்கு அவர் படம் வரைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. ஐந்து வயதில் தொடங்கியவருக்கு அச்சேற அத்தனை ஆண்டுகள் ஆயின.

1971 முதல் ஆப்பிரிக்க நாட்டுப்புறக் கதைகளைத் தம் நடையிலே எழுதிப் படமும் வரைந்து வெளியிடலானார். அடிமைப்பட்டிருந்த மக்கள் பாடிய பக்திப் பாடல்களைக் குழந்தைகளுக்கென 1974-இல் மரக்கட்டைச் செதுக்கோவியங்களோடு தொகுத்தார். எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள் நாவிலேயே காத்து வைத்த செல்வம் அது. 1981-இல் கொரெட்டா ஸ்காட் கிங் பரிசு அவரை வந்தடைந்தது.

2003-இல் வெளிவந்த ‘அழகிய கரும்பறவை’, சாம்பியா நாட்டு இலா மக்களின் கதை. வண்ணப் பறவைகளெல்லாம் கரும்பறவையே பேரழகு என்று போற்றி, அதன் கருமையில் ஒரு துளி தமக்கும் வேண்டுமென்று கேட்கின்றன. கறுப்பு என்றால் இழிவு என்று கேட்டே வளர்ந்த குழந்தை அந்நூலைப் புரட்டும்போது அதன் நெஞ்சில் என்ன நிகழும் என்பதை நம் குழந்தைகளை அறிந்த நமக்கு விளக்க வேண்டுவதில்லை. அந்நூலின் படங்களைப் பிரையன் தம் தாயார் தையலுக்குப் பயன்படுத்திய கத்தரிக்கோலால் வண்ணத்தாள்களை வெட்டியே அமைத்தார். அக்கத்தரிக்கோலின் படத்தையும் நூலில் சேர்த்தார்.

விலையும் பெயரும்

அவரது பணிகளுள் தலையாயதென நாம் கருதுவது 2016-இல், 93-ஆம் வயதில், அவர் வெளியிட்ட நூல். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே ஏலம் ஒன்றில் அடிமைமுறைக் காலத்துப் பழைய ஆவணங்களை வாங்கி வைத்திருந்தார். அவற்றுள் 1828-ஆம் ஆண்டின் சொத்து மதிப்பீட்டுப் பட்டியல் ஒன்று. மாடுகள், பன்றிகள், பருத்தி ஆகியவற்றோடு மனிதர் பதினொருவரும் அதில் விலையிடப்பட்டிருந்தனர். பெயரும் விலையும் உண்டு, வயதுகூட இல்லை.

பிரையன் அப்பதினொருவருக்கும் முகம் வரைந்தார், வயது அளித்தார். பச்சிலை அறிந்த சமையல்காரி, கைதேர்ந்த தச்சன் என ஒவ்வொருவருக்கும் ஒரு திறமையும் ஒரு கனவும் தந்து, அவரவரே பேசுவதாகக் கவிதைகள் எழுதினார். விலைப்பட்டியல் மனிதர் கூட்டமாயிற்று. வரலாறு சொத்தாக எழுதி வைத்தவர்களை உயிராக மீட்ட அந்நூல் 2017-இல் நியூபெரி சிறப்பு மதிப்பைப் பெற்றது.

டார்ட்மத் கல்லூரியில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றபின், மேய்ன் மாநிலத்தின் லிட்டில் கிரான்பெரி என்னும் சிறு தீவில் அவர் வாழ்ந்தார். கரை ஒதுங்கிய எலும்பும் சிப்பியும் மரத்துண்டும் அவர் கையில் பொம்மைகளாயின. பிறர் பயனற்றதெனக் கழித்ததைப் பொறுக்கியெடுத்துப் பொருளாக்கும் குணம் அவர் வாழ்வு முழுதும் இருந்தது. அத்தீவின் பள்ளிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 2022 பிப்ரவரி 4-ஆம் நாள், 98-ஆம் வயதில் மறைந்தார்.

நம் கடமை

இவ்வரலாற்றைப் படித்து வியந்து மூடிவிடுவதற்காக நாம் எழுதவில்லை. நம் மாலை வகுப்புகளில் எழுத்துப் பயிலும் குழந்தைகள், யாரோ எங்கோ வரைந்த படங்களைப் பார்த்தே எழுத்தறிகின்றனர். அவற்றுள் தம் தெருவும், தம் தாயின் களைக்கொத்தும், தம் பாட்டன் அடித்த பறையும் காண்பது அரிது. அச்சகம் வரும்வரை காத்திருக்க வேண்டுமோ? தாளும் ஊசியும் நூலும் போதும். அகரம் தொடங்கி ஒவ்வோர் எழுத்துக்கும் தம் ஊரின் பொருளொன்றைக் குழந்தைகளே வரைந்து தைத்து வீட்டுக்குக் கொண்டுசெல்லட்டும். எழுத்தறியாத தாய் ஒருத்தி அதனைப் பிரித்துப் பார்த்து, இது நம் வீட்டுக் கிணறல்லவா என்று கேட்பாளாயின், அக்குழந்தை தன் முதல் நூலைப் பதிப்பித்துவிட்டது என்றே நாம் கொள்வோம்.