எண்ணெய் வயல் லாரிக் கூலி: ஆபத்தின் விலையா, நேரத்தின் விலையா?

மேற்கு டெக்சஸிலும் நியூ மெக்சிகோவின் தென்கிழக்கு மூலையிலும் பரந்து கிடக்கும் பெர்மியன் படுகையில் லாரி ஓட்டுபவர், அமெரிக்காவின் பிற பகுதிகளில் ஓட்டுபவரைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறார். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஆபத்து: உயிரைப் பணயம் வைக்கும் வேலை, ஆகவே அதிகக் கூலி. ஆதம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட நூலில் விதைத்த கருத்து இது. பிற்காலப் பொருளியலாளர்கள் அதை ஈட்டுக்கூலிக் கோட்பாடாக வளர்த்தெடுத்தார்கள். எண்ணெய் வயலுக்கு இக்கோட்பாடு சரியாகப் பொருந்தவில்லை என்பது என் வாதம். அங்கே கிடைக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி கூடுதல் நேரத்துக்கான கூலி. அந்தக் கூடுதல் நேரம்தான் ஆபத்தையும் பெருக்குகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கனரக லாரி ஓட்டுநரின் இடைநிலை ஆண்டு வருமானம் 54,320 டாலர் என்கிறது அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் 2023 மே மாத மதிப்பீடு. ஆண்டுக்கு 2,080 மணி நேர வேலை என்று கொண்டால் மணிக்கு 26 டாலர். இனி ஓர் எடுத்துக்காட்டு. எண்ணெய் வயலில் ஒருவர் வாரம் 70 மணி நேரம், ஆண்டுக்கு 50 வாரம் உழைத்து 90,000 டாலர் ஈட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் அது பெரிய சம்பளம். 3,500 மணி நேரத்தால் வகுத்தால் 26 டாலரைக்கூட எட்டாது. அவர் 1,20,000 டாலர் ஈட்டினாலும் சங்கடம் தீர்வதில்லை. மணிக்கு 26 டாலர் வாங்கும் ஆலைத் தொழிலாளி அதே 70 மணி நேரம் உழைத்தால், 40 மணிக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி சேர்ந்து ஆண்டுக்கு 1,10,500 டாலர் பெறுவார். 1938ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரச் சட்டம், மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில் கனரக லாரி ஓட்டுவோரை இந்த மிகைநேரக் கூலி உரிமையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆபத்துக்கான விலை என்று எஞ்சுவது இந்தக் கணக்கில் ஆண்டுக்கு 9,500 டாலர்.

அவ்வளவு நேரம் வேலை பார்க்க வழி செய்வதும் சட்டம்தான். கூட்டாட்சி விதிப்படி சரக்கு லாரி ஓட்டுநர் பணி தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். எட்டு நாள்களில் 70 மணி நேரப் பணி முடிந்தால், கணக்கைப் புதிதாகத் தொடங்க 34 மணி நேரத் தொடர் ஓய்வு தேவை. எண்ணெய் வயலுக்கென்றே ஓடும் வண்டிக்கு 24 மணி நேர ஓய்வு போதும். கிணற்றுப் பணிக்காகவே வடிவமைத்த வண்டிகளின் தனிப்பயிற்சி பெற்ற ஓட்டுநர்களுக்கு இன்னொரு சலுகை உண்டு: கிணற்றடியில் காத்திருக்கும் நேரம் பணிநேரத்தில் சேராது. நீர் லாரிக்கும், பாறைப் பிளவுகளைத் திறந்து வைக்கக் கிணற்றுக்குள் செலுத்தும் மணலைச் சுமக்கும் லாரிக்கும் இந்த இரண்டாம் விலக்கு பொருந்தாது என்று 2012இல் அரசு விளக்கம் கொடுத்தது. டெக்சஸ் எல்லைக்குள்ளேயே ஓடும் வண்டிக்கோ மாநில விதி இன்னும் தளர்வானது: 12 மணி நேரம் ஓட்டலாம், 8 மணி நேரம் ஓய்ந்தால் போதும். சலுகை என்று நான் எழுதியது முதலாளியின் நோக்கில்தான்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? பெர்மியனில் ஒரு பீப்பாய் எண்ணெயோடு பல பீப்பாய் உப்புநீரும் மேலே வருகிறது. குழாய் எட்டாத கிணற்றில் அதை அகற்ற லாரிதான் கதி. ஓட்டுநர் புழுதி பறக்கும் கிளைச்சாலையில் இறங்கி, தொட்டி அருகே வண்டியை நிறுத்தி, குழாயை மாட்டி, ஏறத்தாழ 130 பீப்பாய் நீரை உறிஞ்சிக்கொள்கிறார். பிறகு நீரை நிலத்தடியில் செலுத்தும் கிணற்றுக்குப் போய் வரிசையில் நிற்கிறார். லோடு கணக்கில் கூலி என்றால் வரிசையில் நிற்கும் நேரம் அவருடைய நஷ்டம். இழந்ததை எங்கே ஈடுகட்டுவார்? சாலையில்தான். டெக்சஸின் பீகோஸையும் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாடையும் இணைக்கும் 285ஆம் எண் நெடுஞ்சாலைக்கு மரணச் சாலை என்று பெயர் விழுந்தது சும்மா இல்லை.

இறப்புக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. 2003 முதல் 2009 வரை எண்ணெய், எரிவாயு எடுக்கும் தொழிலில் 202 பேர் வாகன விபத்தில் இறந்தார்கள் என்றும், இத்தொழிலாளர்களின் வாகன இறப்பு வீதம் தனியார் துறை முழுமைக்குமான வீதத்தைப்போல் 8.5 மடங்கு என்றும், சிறு நிறுவனங்களில் நிலைமை மேலும் மோசம் என்றும் 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இந்த 202 பேரில் போக்குவரத்து நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்த லாரி ஓட்டுநர் இல்லை. அவர் வேறொரு தொழில் பிரிவில் எண்ணப்படுகிறார். உப்புநீரையும் மணலையும் சுமப்பவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள்தாம். ஒப்பந்த நிறுவனங்களையும் சேர்த்துப் பின்னர் தொகுத்த தரவுத்தளம் 2014–2019 காலத்தில் 470 இறப்புகளைக் காட்டுகிறது. நாலில் ஒன்றுக்கும் மேற்பட்டவை வாகனம் சார்ந்தவை.

சாலைக்கு வெளியே உள்ள ஆபத்தை எடைபோடுவது இதைவிடக் கடினம். கச்சா எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து அளவுநாடாவை இறக்கும்போது ஹைட்ரோகார்பன் ஆவி முகத்தில் அடித்து, ஆக்சிஜன் குறைந்து, ஆள் நின்ற இடத்திலேயே சுருண்டு விழலாம். இப்படித் தொட்டியளவு எடுத்ததிலும் மாதிரி எடுத்ததிலும் 2010–2014இல் ஒன்பது பேர் இறந்ததாக 2016இல் எச்சரிக்கை வெளியானது. மணல் இறக்குமிடத்தில் எழும் சிலிக்காத் தூசி நுரையீரலைத் தாக்குவது பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். ஈட்டுக்கூலிக் கோட்பாடு நிற்பது, தொழிலாளிக்கு ஆபத்து தெரியும் என்ற அனுமானத்தின் மேல். தெரியாத ஒன்றுக்கு யாரும் கூலி கேட்டு வாங்க முடியாது. தொழிலைத் தேர்ந்தெடுக்கும் இளவயதில்தான் மனிதர்கள் ஆபத்தை அலட்சியம் செய்து அதிர்ஷ்டத்தை நம்புகிறார்கள் என்று ஸ்மித்தே ஈட்டுக்கூலிக் கருத்தை விதைத்த அதே அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார். அவரை மேற்கோள் காட்டுவோர் அந்தப் பக்கத்தை ஏனோ புரட்டுவதில்லை.

எதிர்வாதம் வலுவானது, அதை மறைக்க வேண்டியதில்லை. பள்ளிப் படிப்போடு நின்றவருக்கு 25 வயதில் இவ்வளவு பணம் தரும் வேலை அமெரிக்காவில் அரிது. டேங்கருக்கும் அபாயச் சரக்குக்கும் உரிய அனுமதிகளோடு கனரக ஓட்டுநர் உரிமம் கையில் இருந்தால், எண்ணெய் போனாலும் பிழைப்பு போகாது. இரண்டு மூன்று ஆண்டு ஓட்டிக் கடனை அடைத்துவிட்டு வெளியேறுபவரின் கணக்கு தவறு என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் கணக்கைக் கெடுப்பது தவணையில் வாங்கிய லாரியும் எண்ணெய் விலையும். 2014இன் நடுவில் 100 டாலருக்கு மேல் விற்ற பீப்பாய் 2016 பிப்ரவரியில் 30க்குக் கீழே போனது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் எதிர்கால ஒப்பந்த விலை பூஜ்யத்துக்கும் கீழே 37.63 டாலர் வரை சரிந்தது. தவணைத் தொகை அதோடு சேர்ந்து சரிவதில்லை. கூலியோ ஆபத்தைப் பின்தொடராமல் எண்ணெய் விலையைப் பின்தொடர்கிறது.

இப்போது மணல் சுமையே லாரியிலிருந்து நகரத் தொடங்கியிருக்கிறது. டெக்சஸின் கெர்மிட் அருகிலிருந்து நியூ மெக்சிகோவுக்குள் 42 மைல் நீளும் மணல் கடத்துப்பட்டை 2025 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. ஓட்டுநர் இல்லாத லாரிகளும் அதே வட்டாரத்தில் மணல் ஏற்றுகின்றன. சாலை விபத்து இதனால் குறையக்கூடும். ஆனால் பட்டையும் குழாயும் பெரிய நிறுவனங்களின் அடர்ந்த கிணற்றுத் தொகுதிகளுக்குத்தான் கட்டுபடியாகும். சிதறிக் கிடக்கும் பழைய கிணறுகளின் நீரும் எண்ணெயும் லாரிக்கே மிஞ்சும். அவற்றைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் சிறு நிறுவனத்தாரும் சொந்த வண்டிக்காரர்களுமாக இருப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். சிறு நிறுவனங்களில்தான் இறப்பு வீதம் ஏற்கெனவே அதிகம். ஓட்டுநர்கள் தொகை சுருங்கும்போது அந்த வீதம் ஏறுமா என்பதுதான் இனி ஆராய வேண்டிய கேள்வி.