எஞ்சின் நடுக்கம்: காதும் கருவியும் உரிமையும்

திருப்பதி மாவட்டத்தின் வரதய்யபாளையம் தமிழும் தெலுங்கும் ஒருசேர ஒலிக்கும் எல்லைப்பகுதி. ஸ்ரீசிட்டி தொழில்நகரம் இம்மண்டலத்திலும் அண்டையிலுள்ள சத்தியவேடு மண்டலத்திலும் பரவியுள்ளது. 2016 முதல் அங்கே இசுசு வாகனங்கள் உற்பத்தியாகின்றன. ஆலை திறக்கப்பட்ட நாளும் முதலீட்டுத் தொகையும் ஆவணங்களில் இடம்பெறும். சாலையோரப் பட்டறையில் நடுங்கி நிற்கும் காரின் நோயைக் கண்டறியும் அறிவுக்கு அத்தகைய ஆவணம் இல்லை. இந்திய மோட்டார் வரலாறு பெரும்பாலும் உற்பத்தியின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. பழுதுபார்ப்பு அதன் விளிம்பிலேயே நிற்கிறது.

கார் நின்றபடி எஞ்சின் ஓடுவதைப் பட்டறைகள் 'ஐட்லிங்' என்கின்றன. நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் நொடிக்கு ஏறத்தாழ 27 முறை எரிதல் நிகழும். அவற்றுள் ஒரு சிலிண்டர் தவறினாலும் சீரான தாளம் குலையும். வேகத்தில் சுழலும்போது அக்குறை மறைந்துவிடும். மெதுவான சுழற்சியில் உடனே வெளிப்படும். இதற்குத் தமிழ்ப் பட்டறைகள் வழங்கும் பெயர் 'மிஸ்ஸிங்'.

அம்பாசிடரும், சென்னைக்கு அருகே 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் சாலைகளில் ஓடிய காலத்தில் இக்குறையைக் காதும் கையுமே கண்டறிந்தன. மெக்கானிக் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றுவார். கழற்றியதும் எஞ்சின் மேலும் தளர்ந்தால் அச்சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லையெனில் குற்றவாளி அதுவே. ஓர் ஒலியை மாற்றினால் பொருள் மாறுகிறதா என்று பார்க்கும் மொழியியல் சோதனைக்கும் இதற்கும் தருக்கம் ஒன்றே. பிறகு பிளக்கின் முனை பேசும்: கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் காற்று மிகுதி, எண்ணெய் நனைத்திருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு வழியே கசிவு.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 இந்தக் காதுக்குப் புதிய பாடம் கற்பித்தது. அதன் மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஓரளவு அதிர்வு அமைப்பிலேயே உண்டு. எது இயல்பு, எது நோய் என்னும் எல்லையை மெக்கானிக்குகள் மீண்டும் வரைய வேண்டியிருந்தது.

அடுத்த மாற்றம் மாசுக் கட்டுப்பாட்டின் வழியே வந்தது. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது. எரியாத பெட்ரோல் அக்கருவியைச் சிதைக்கும் என்பதால், மிஸ்ஸிங் பயணியின் அசௌகரியம் என்ற நிலை கடந்து காற்றின் சிக்கலாயிற்று. 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் வாகனத்துக்குள்ளேயே பழுதைக் கண்காணிக்கும் ஓபிடி முறை இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. கிராங்க் தண்டின் வேகம் எந்தச் சிலிண்டரின் முறையில் குறைகிறது என்று கணினி அளந்து, 'பி 0301' போன்ற குறியீட்டைப் பதிகிறது. மெக்கானிக்கின் காது உணர்ந்த அதே தளர்ச்சியைத்தான் கருவியும் அளக்கிறது.

ஆயினும் அக்குறியீடு முதல் சிலிண்டர் தவறுகிறது என்று மட்டுமே சொல்லும். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷன் குறைவா என்று சொல்லாது. முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் பொருத்தி, குறியீடும் 0302 என மாறுகிறதா என்று பார்ப்பது பழைய ஒயர் சோதனையின் புதுவடிவமே. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் நைந்திருந்தாலோ, எரிதல் சீராக இருந்தும் கார் நடுங்கும். பெரும்பாலும் எந்தக் குறியீடும் பதிவாகாது. அங்கே கையும் கண்ணுமே சாட்சி.

எனவே கருவி வந்ததால் அறிவு காலாவதியானது என்பது பிழையான முடிவு. அக்கருவி யார் கையில் இருந்தது என்பதே முதன்மையான கேள்வி. 2011இல் கார் உரிமையாளர் ஒருவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் அளித்த புகார் இதையே எழுப்பியது. உதிரி பாகங்களும் பழுதறி கருவிகளும் தனிப் பட்டறைகளுக்கு எட்டாதவாறு தடுக்கப்பட்டன என்று கண்ட ஆணையம், 2014 ஆகஸ்டு 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கருவிகளையும் பாகங்களையும் தனிப் பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்யுமாறு பணித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. அதே ஆண்டு மே மாதத்தில்தான் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. 2022இல் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது.

சட்டம் கருவியை மீட்டுத்தரலாம். காதின் அறிவை அது மீட்டுத்தராது. கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்குகள் முதுமை எய்திவிட்டனர். தமிழும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்த அவர்களது பட்டறைச் சொற்களைத் தொகுப்பது மொழியியலுக்கும் தொழில்நுட்ப வரலாற்றுக்கும் பொதுவான பணி. அதைத் தள்ளிப்போட இனி அவகாசமில்லை.