குழந்தை வளர்ச்சியில் விளையாட்டின் பங்கு: ஆய்வுகளும் சட்டமும் கூறுவது என்ன?

புது தில்லி: மூன்று வயதுக் குழந்தைக்கு எழுதப் பழக்கி, வீட்டுப்பாடமும் கொடுத்தனுப்பும் மழலையர் பள்ளிகள் நாடெங்கும் உள்ளன. விளையாட விடும் பள்ளியில் படிப்பு நடப்பதில்லை என்று எண்ணும் பெற்றோரும் குறைவில்லை. ஆனால், தேசிய கல்விக் கொள்கையும் குழந்தை வளர்ச்சி குறித்த ஆய்வுகளும் இதற்கு மாறான கருத்தையே முன்வைக்கின்றன. தொடக்க ஆண்டுகளில் குழந்தை கற்பதற்கான முதன்மை வழி விளையாட்டுதான் என்பது அவற்றின் நிலைப்பாடு.

முதல் 6 ஆண்டுகள்

குழந்தையின் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதி 6 வயதுக்கு முன்பே நிகழ்ந்துவிடுவதாக தேசிய கல்விக் கொள்கை-2020 குறிப்பிடுகிறது. இதன் அடிப்படையில், 3 முதல் 8 வயது வரையிலான பருவத்தை 'அடித்தள நிலை' என்று வகுத்து, விளையாட்டு வழிக் கற்றலை அது வலியுறுத்துகிறது. 2022 அக்டோபரில் வெளியான அடித்தள நிலைக்கான தேசிய கலைத்திட்டக் கட்டமைப்பு, 3 முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பாடநூல்களே தேவையில்லை என்று பரிந்துரைக்கிறது.

விளையாடும்போது என்ன நிகழ்கிறது?

மரக்கட்டைகளை அடுக்கும் குழந்தை அளவு, எடை, சமநிலை ஆகியவற்றைக் கைகளால் உணர்கிறது. அடுக்கியது சரிந்தால் காரணத்தைத் தேடி, மீண்டும் முயல்கிறது. பின்னாளில் பென்சில் பிடிப்பதற்கு வேண்டிய விரல் தசைகளும் இவ்வாறே வலுப்பெறுகின்றன.

கடை வைத்து விளையாடும் குழந்தைகள், வாங்குபவர், விற்பவர் எனப் பாத்திரம் ஏற்று, அதற்கேற்பப் பேசவும் தம் முறை வரும் வரை காத்திருக்கவும் பழகுகின்றனர். இத்தகைய பாவனை விளையாட்டில், விதிக்குக் கட்டுப்படுவதைக் குழந்தை தானாகவே விரும்பி ஏற்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி விளக்கினார்.

வயதுக்கேற்ப விளையாட்டின் தன்மையும் மாறுகிறது. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட ஆய்வில், தனித்து விளையாடுவது, பிறரை வேடிக்கை பார்ப்பது, அருகருகே அமர்ந்து தனித்தனியே விளையாடுவது, இணைந்து விளையாடுவது எனப் பல நிலைகளைப் பட்டியலிட்டார். எனவே, 2 வயதுக் குழந்தை பொம்மையைப் பகிர மறுப்பதைப் பிடிவாதம் என்று கண்டிக்க வேண்டியதில்லை. கூடி விளையாடும் திறன் படிப்படியாகவே உருவாகிறது.

ஜமைக்கா ஆய்வு

விளையாட்டின் நீண்டகாலப் பயனுக்குப் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது, 1986-87-இல் ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டனில் தொடங்கிய ஆய்வாகும். வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்த 129 குழந்தைகள் இதில் இடம்பெற்றனர். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு வாரந்தோறும் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர்கள் சென்று, குழந்தையுடன் எவ்வாறு விளையாடுவது என்பதைத் தாய்மார்களுக்குக் கற்பித்தனர். எளிய பொருள்களால் செய்த விளையாட்டுச் சாமான்களே பயன்படுத்தப்பட்டன. 2 ஆண்டுகள் இப்பணி நீடித்தது.

சுமார் 20 ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் வருமானம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. ஊட்டச்சத்து மட்டும் பெற்ற குழந்தைகளிடம் அத்தகைய நீடித்த பயன் காணப்படவில்லை. உணவு வழங்கும் திட்டங்களுடன் விளையாட்டையும் இணைக்க வேண்டும் என்ற கருத்துக்கு இந்த முடிவு வலுச் சேர்த்தது. ஒடிசாவின் கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகளிலும் இதே முறை பின்னர் பரிசோதிக்கப்பட்டது.

இந்தியாவில்

இச்சிந்தனை இந்தியாவுக்குப் புதிதன்று. குஜராத்தின் பாவ்நகரில் 1920-இல் பாலமந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகா, அச்சமும் தண்டனையும் இல்லாத கல்வியைக் கதை, பாட்டு, விளையாட்டு வழியே நடத்திக் காட்டினார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக், பின்னர் மகாராஷ்டிரத்தின் பழங்குடியினர் பகுதிகளில் குழந்தைகளின் வீட்டு முற்றத்துக்கே கல்வியைக் கொண்டு சென்றார். முற்றம் என்று பொருள்படும் 'அங்கன்' என்ற சொல்லிலிருந்து பிறந்ததே அங்கன்வாடி என்ற பெயர்.

1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகள் இயங்குகின்றன. அவற்றில் விளையாட்டு வழி முன்பருவக் கல்வியை வலுப்படுத்த, 'ஊட்டச்சத்துடன் கல்வியும்' என்று பொருள்படும் 'போஷண் பீ, படாயீ பீ' திட்டத்தை மத்திய அரசு 2023 மே மாதம் தொடங்கியது. அதே ஆண்டு பிப்ரவரியில், பொம்மைகள், புதிர்கள், கதைப் புத்தகங்கள், அட்டைகள் அடங்கிய 'ஜாதுயி பிடாரா' என்ற கற்றல் தொகுப்பும் 13 இந்திய மொழிகளில் அறிமுகம் செய்யப்பட்டது.

சட்டம் கூறுவது

ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையாக அங்கீகரிக்கிறது. இந்தியா 1992-இல் இதனை ஏற்றது. கல்வி உரிமைச் சட்டம்-2009, பள்ளிக்கு விளையாட்டுத் திடல் இருக்க வேண்டும் என்று தனது அட்டவணையில் குறிப்பிடுகிறது.

ஹரியாணாவில் பள்ளித் திடலுக்கு ஒதுக்கிய நிலத்தை ஆக்கிரமித்தவர்கள், சந்தை விலையைச் செலுத்தி அதனை வைத்துக்கொள்ள உயர் நீதிமன்றம் வழிவகுத்திருந்தது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, விளையாட்டுத் திடலின்றிப் பள்ளி இருக்க முடியாது என்று தெளிவுபடுத்தியது. ஜூன் 11-ஆம் தேதியை சர்வதேச விளையாட்டு தினமாக ஐ.நா. பொதுச்சபை 2024-இல் அறிவித்தது.

பெற்றோர் கவனத்துக்கு

* 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடங்களாவது உடல் இயக்கத்தில் ஈடுபட வேண்டும். அதில் 60 நிமிடங்கள் ஓடியாடும் விளையாட்டாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் 2019-ஆம் ஆண்டுப் பரிந்துரை.

* ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரை அறவே கூடாது. 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் அந்த அமைப்பு கூறுகிறது.

* விலை உயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. காலி டப்பா, மூடி, துணி, மணல், தண்ணீர் ஆகியவையே போதும். விழுங்கக்கூடிய சிறு பொருள்களை மட்டும் தவிர்க்க வேண்டும்.

* இரண்டரை வயதைக் கடந்தும் குழந்தை பாவனை விளையாட்டில் ஈடுபடாவிட்டாலோ, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டாலோ குழந்தை நல மருத்துவரிடம் காட்டுவது நல்லது. குறைபாடு ஏதேனும் இருப்பின், அதனை முன்கூட்டியே கண்டறிந்து பயிற்சி அளிக்க இது உதவும்.