கடிதங்கள் குடியிருக்கும் இடம்

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15இல், வி.எஸ்.என்.எல். மூலம். டயல்-அப் இணைப்பில் தொலைபேசிக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் மின்னஞ்சல்களை இறக்கியதும் இணைப்பைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிப்போம். அதற்கு உதவியது 1988இல் வந்த பாப்3 முறை. நம் கணினிக்கு இறங்கிய கடிதம், பெரும்பாலும் சர்வரிலிருந்து அழிந்துவிடும். தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன கடிதத்துக்குத் தபால் நிலையத்தில் நகல் ஏது?

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அவற்றை மறைவான ஒரு ஃபோல்டரில் வைத்தது. 2004இல் வந்த தண்டர்பேர்டு, ‘புரொஃபைல்’ என்ற ஃபோல்டரில் வைக்கிறது. மென்பொருளை எத்தனை முறையும் போட்டுக்கொள்ளலாம், கடிதங்கள் அப்படியல்ல. மறைந்த நண்பர் 2001இல் எழுதியவை இன்றும் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் மென்பொருளை மூடிவிட்டு, முதலில் அந்த ஃபோல்டரை முழுதாக சிடியில் நகலெடுத்ததால்தான்.